பழைய புல்லட்டை லோடு வண்டி ஆக்கலாமா?

நம் வணிகர்களில் பலர் பட்டறைக்காரர்களிடம் கேட்கும் கேள்வி இது. வீட்டுத் திண்ணையோரம் அப்பா காலத்துப் புல்லட் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. எஞ்சின் மட்டும் கல்லுப் போல இருக்கிறது. கீழமாசி வீதியில் கொள்முதல் செய்யும் சரக்கைக் கடைக்குக் கொண்டு சேர்க்க மாதந்தோறும் வாடகை கரைகிறது. “அந்த எஞ்சினைக் கழற்றி நாலு சக்கரத்தில் உட்கார வைத்தால் சொந்தமாக ஒரு குட்டி லோடு வண்டி ஆயிற்றே?” என்று யோசனை வருகிறது. பட்டறையில் கேட்டால், “பத்து நாளில் ஓட்டிக் காட்டுறேண்ணே” என்பார்கள். ஓட்டியும் காட்டுவார்கள். அதில் சந்தேகமே இல்லை. நம் ஊர்ப் பட்டறைக்காரர்களின் கைத்திறன் அப்படி.

ஆனால் ஓடுவது ஒரு விஷயம். நிற்பது வேறு விஷயம். ஓடிய பிறகு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்பது மூன்றாவது விஷயம். முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மற்ற இரண்டையும் வணிகர் என்ற முறையில் நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த யோசனை ஏன் வருகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் ஒரு நடைக்கு எடுப்பது என்ன? சர்க்கரை ஒரு மூட்டை, 50 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் நாலைந்து. எண்ணெய் டின் நாலு. பருப்பு, மல்லி, வற்றல் என்று இன்னும் இரண்டு மூட்டை. கூட்டினால் 300 முதல் 400 கிலோ. இது டி.வி.எஸ். மொபெட்டுக்கு மிஞ்சிய பாரம். (இதையும் மொபெட்டிலேயே மூன்று நடையாக அடிக்கிற மகானுபாவர்கள் முனிச்சாலைப் பக்கம் உண்டு!) நாம் ‘குட்டியானை’ என்று அழைக்கும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. முக்கால் டன் இழுக்கும் அந்த வண்டி, அன்றாடம் அரை லோடு எடுப்பவருக்குப் பெரிய முதலீடு. இடையில் இருக்கும் இந்த 300, 400 கிலோதான் உலகம் முழுக்கச் சில்லறை வணிகரைப் படுத்துகிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுமை வண்டிக்கு மாற்றும் யோசனையும் உலகம் முழுக்க இந்த இடத்திலிருந்துதான் பிறந்திருக்கிறது.

நமக்கு முன் செய்தவர்கள்

இத்தாலியில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டு வந்தது. வெஸ்பா என்றால் அவர்கள் மொழியில் குளவி. லாரி வாங்க யாரிடமும் காசு இல்லாத காலம். இரண்டே ஆண்டில், 1948-ல், அதே ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரமும் ஒரு தொட்டியும் வைத்து ‘ஆப்பே’ என்ற மூன்று சக்கர வண்டியை விட்டார்கள். ஆப்பே என்றால் தேனீ. இன்று நம் ஊரில் ஷேர் ஆட்டோவாக ஓடும் ‘ஆப்பே’யின் மூதாதை அதுதான். முதல் ஆப்பேயின் எஞ்சின் 125 சி.சி.; சுமை 200 கிலோ.

ஜப்பான் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே சந்துகள் நம் எழுகடல் தெருவைப் போலத்தான். சிறு கடைக்காரர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சரக்கைக் கட்டிக்கொண்டு திண்டாடினார்கள். 1957-ல் டைஹட்சு நிறுவனம் ‘மிட்ஜெட்’ என்ற மூன்று சக்கர வண்டியை அவர்களுக்காகவே செய்தது. ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 249 சி.சி., எட்டுக் குதிரைத் திறன். ஸ்டியரிங் கிடையாது, மோட்டார் சைக்கிள் போலவே ஹேண்டில்பார். ஏற்றக்கூடியது 300 கிலோ. ஒரு மளிகைக் கடையின் ஒரு நடை! உற்பத்தி நின்ற 1972-க்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றார்கள்.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் சாதித்தவர்கள் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிக்காரர்கள். (மதுரையில் வாழும் நம் சௌராஷ்டிரப் பெருமக்களின் முன்னோர் நாடு என்பதால் இச்செய்தி அவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் என நினைக்கிறேன்.) அங்கே ‘சகடா’ என்று ஒரு வண்டி. முன்பாதி அச்சு அசல் என்ஃபீல்ட் புல்லட்: அதே முன் சக்கரம், அதே ஹேண்டில்பார், அதே பெட்ரோல் டாங்க், அதே சீட். பின்பாதி மாட்டு வண்டித் தொட்டி போல அகலமான தட்டு, அடியில் இரண்டு சக்கரம். நிலக்கடலை மூட்டை, பருத்திப் பொதி, காய்கறிக் கூடை, அவற்றின் மேல் ஜனங்கள் என்று கிராமங்களுக்கும் சந்தைக்கும் இடையே ஓடியது. பிறகு பெட்ரோல் விலைக்குப் பயந்து ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு மாறினார்கள். ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ நிறுவனம் சகடாவில் தொடங்கி, முறையாக அனுமதி பெற்று மூன்று சக்கர வண்டி தயாரிக்கும் தொழிற்சாலையாக வளர்ந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தில்லியில் ‘பட்பட்டி’ என்று ஒன்று ஓடியது. உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பின்னால் பயணிகள் பெட்டி பூட்டி, சாந்தினி சௌக் பக்கம் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். காற்று மாசு காரணமாக 1998-ல் நிறுத்தப்பட்டது. சென்னையில் மீன்பாடி வண்டியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மிதிக்கும் ட்ரை சைக்கிளில் கழித்துப் போட்ட ஸ்கூட்டர், மொபெட் எஞ்சினைப் பூட்டியது. மீனுக்கென்று ஆரம்பித்து, சிமென்ட், கம்பி, ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் சுமந்தது. பஞ்சாபில் மோட்டார் சைக்கிளின் பின்பாதியை வெட்டி எடுத்துத் தள்ளுவண்டியோடு பற்றவைத்த ‘ரேடி’கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன.

ஆக, எஞ்சினை மாற்றிப் பூட்டுவது முடியாத காரியம் அல்ல. எப்படிப் பூட்டுகிறார்கள், எங்கே சிக்கல் என்று பார்ப்போம்.

இழுப்பது சுலபம்

பலர் நினைப்பது, “மோட்டார் சைக்கிள் எஞ்சின் அவ்வளவு பாரத்தை இழுக்குமா?” என்பது. இழுக்கும். தாராளமாக இழுக்கும். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். அதைக் கணக்கிட்டால் 346 சி.சி. வரும். திறன் சுமார் 18 குதிரை.

ஒரு குதிரைத் திறன் என்பது 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வலு. வண்டி 350 கிலோ, சரக்கு 480 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மொத்தம் 900 கிலோ. இருபது அடி போனால் ஓர் அடி ஏறும் ரயில்வே மேம்பாலச் சரிவில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 5 மீட்டர், ஏறுகிறோம். விநாடிக்குக் கால் மீட்டர் உயரம். 900 கிலோவைக் கால் மீட்டர் தூக்க 3 குதிரை. டயர் உருளும் உராய்வுக்கு இன்னும் ஒன்றேகால். ஆக நாலேகால் குதிரை. செயினிலும் கியரிலும் கொஞ்சம் வீணானாலும், 18 இருக்கிற இடத்தில் இது எம்மாத்திரம்?

பட்டறைக்காரர் செய்வது இதுதான்: எஞ்சின் பக்கத்துச் சிறு பல்சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, பின் அச்சில் பெரிய பல்சக்கரத்தைப் போடுவார். வேகம் குறையும், இழுவை கூடும். வேகம் நமக்கு வேண்டியதில்லை என்பதால் இந்தப் பேரம் லாபமே.

சிக்கல் இனிமேல்தான் ஆரம்பம். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு விசிறி கிடையாது. 50, 60 கி.மீ. வேகத்தில் எதிரே அடிக்கும் காற்றுதான் அதைக் குளிரவைக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பலகைத் தட்டுக்கு அடியில் மறைத்து வைத்து, விளக்குத்தூண் நெரிசலில் பத்து கி.மீ. வேகத்தில் நகர்த்தினால் காற்று எங்கிருந்து வரும்? சித்திரை வெயிலில் அரை மணியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆட்டோ ரிக்ஷாவின் எஞ்சினைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவும் காற்றில் குளிர்வதுதான். ஆனால் விசிறி வைத்து, தகரக் கூடு கட்டி, காற்றைச் சிலிண்டர் மேல் திருப்பி விட்டிருப்பார்கள். வெளியே தெரியாத அந்தத் தகரக் கூடுதான் தொழிற்சாலை வேலைக்கும் பட்டறை வேலைக்கும் வித்தியாசம்.

கிளட்ச் அடுத்தது. இரண்டு பேர் உட்கார்ந்த புல்லட்டை, அதாவது முந்நூற்றுச் சொச்சம் கிலோவை, நிலையிலிருந்து நகர்த்துவதற்குச் செய்த தட்டுகள் அவை. மூன்று மடங்கு எடையை நகர்த்தும்போது மூன்று மடங்கு நேரம் வழுக்கும், சூடாகும், கருகும். நெரிசலில் நின்று நின்று கிளம்பும் வண்டிக்குக் கிளட்ச் தட்டு என்பது மாதாந்தரச் செலவாகிவிடும்.

திருப்பத்தில் வேறொரு தொல்லை. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது இடச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். நாலடி அகல வண்டி ஒரு முழுச் செங்கோணத் திருப்பம் எடுத்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஆறடிக்கு மேல் அதிகம் ஓடுகிறது. காரிலும் ஆட்டோவிலும் இதற்கென்று டிஃபரன்ஷியல் இருக்கிறது. பட்டறை வண்டியில் இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சில் முடுக்கிவிட்டால், திரும்பும்போதெல்லாம் டயர் தேயும், செயின் அறும். அதைத் தவிர்க்க ஒரு சக்கரத்துக்கு மட்டும் இழுவை கொடுப்பார்கள். அப்போது மழைச் சேற்றில் அந்த ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். கெட்டிக்காரர்கள் பழைய ஆட்டோ டிஃபரன்ஷியலைத் தேடி எடுத்து வைக்கிறார்கள்.

ரிவர்ஸ் கியரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மோட்டார் சைக்கிள் கியர் பாக்ஸில் அது கிடையாது. சந்துக்குள் எதிரே ஒரு தள்ளுவண்டி வந்துவிட்டால் இறங்கி அரை டன்னைப் பின்னால் தள்ள வேண்டியதுதான்! 1955-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினையே வைத்து ‘இசெட்டா’ என்ற முட்டை வடிவக் குட்டிக் காரை விற்றது. அந்த எஞ்சினுக்கு விசிறி வைத்தார்கள், ரிவர்ஸ் கியர் வைத்தார்கள், பிரேக்கைப் புதிதாகச் செய்தார்கள். எஞ்சின் மட்டும்தான் மோட்டார் சைக்கிளுடையது. மற்றதெல்லாம் காருக்கென்றே செய்தது.

நிற்பது எப்படி?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பிரேக்.

நல்ல நிலையில் உள்ள மோட்டார் சைக்கிள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக் பிடித்தால் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். அந்தப் பிரேக் டிரம் 300 கிலோவுக்குச் செய்தது. அதே டிரம்மை அப்படியே 900 கிலோ வண்டியில் மாட்டினால், பிடிக்கும் வலு மாறாது. எடை மட்டும் மூன்று மடங்கு. நிற்கும் தூரமும் மூன்று மடங்கு ஆகும். 12 மீட்டர் 36 மீட்டர் ஆகிறது. 36 மீட்டர் என்றால் 118 அடி. கீழமாசி வீதியில் பத்தடி முகப்புள்ள கடைகளை எண்ணிக்கொண்டே போனால், பிரேக்கை மிதித்த இடத்திலிருந்து பன்னிரண்டாவது கடை வாசலில் போய் வண்டி நிற்கும்! அந்தப் பன்னிரண்டு கடை நீளத்துக்குள் எத்தனை பேர் குறுக்கே வருவார்கள் என்று நமக்குத் தெரியாதா?

இது பிரேக் குளிர்ந்திருக்கும்போது. சரிவில் இறங்கி டிரம் சூடேறிவிட்டால் பிடிப்பு இன்னும் குறையும். பின்னிரண்டு சக்கரத்துக்குச் சரியாகச் சமமாகப் பிரேக் கம்பியைப் பங்கிடாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள மூன்று சக்கர வண்டியாக இருந்து, மேலே மூட்டையும் உயரமாக அடுக்கியிருந்து, திருப்பத்தில் பிரேக்கும் பிடித்தால் குப்புறச் சாயும்.

பட்டறைக்காரரிடம் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று கேட்பவர்களில் நூற்றுக்கு ஒருவராவது எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்பாரா என்பது சந்தேகமே. வாகனங்களுக்குச் சான்றிதழ் தரும் புனேயின் ஆராய்ச்சி நிலையமாகட்டும், நம் ஒரகடத்தில் உள்ள சோதனை மையமாகட்டும், அங்கே முதலில் பார்க்கும் விஷயங்களில் பிரேக்கும் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

“நான் சந்துக்குள் மட்டும் ஓட்டப் போகிறேன், இதற்கு எதற்கு ஆர்.சி.?” என்று கேட்பவர்கள் உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் எது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும், எஞ்சின் 25 சி.சி.க்கு மிகாமலும் இருந்தால் மட்டுமே விலக்கு. மீன்பாடி வண்டியில் பூட்டும் மொபெட் எஞ்சினே 50 சி.சி. ஆகவே எஞ்சின் ஏறிய அந்த நிமிடமே ட்ரை சைக்கிள் மோட்டார் வாகனமாகிவிடுகிறது.

வட மாநிலங்களில் பம்ப்செட் எஞ்சினை வண்டியில் பூட்டி ஓட்டுவதை ‘ஜுகாட்’ என்கிறார்கள். இது குறித்து ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஜுகாட்டும் மோட்டார் வாகனமே, பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் எல்லாம் அதற்கும் கட்டாயம். ஆனால் பதிவு செய்யப் போனால், வண்டியின் மாதிரி சோதனை நிலையத்தில் தேறியிருக்க வேண்டும். வீட்டில் செய்த ஒற்றை வண்டியைத் தனியாகச் சோதித்து அனுமதிக்கும் ஏற்பாடு பிரிட்டனில் இருக்கிறது. நம் நாட்டில் தனிநபருக்கு அந்த வழி கிடையாது என்றே சொல்லலாம். இது குறைதான். கைத்திறன் உள்ளவர்கள் நிறைந்த நாட்டில் நியாயமான கட்டணத்தில் அப்படி ஒரு வழி இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இல்லாத வழியை இருப்பதாக எண்ணிப் பணம் போட முடியாது.

இன்னொரு குறுக்கு யோசனை: பழைய புல்லட்டின் நம்பர் பிளேட்டையே புது வண்டியில் மாட்டிவிடுவது. அந்த எண் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் சேர்த்துக் கொடுத்தது. சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்தில் பட்டறைத் தொழிலாளி ஒருவர் பழைய இரு சக்கர வண்டிச் சாமான்களை வைத்து, காலால் உதைத்து ஸ்டார்ட் செய்யும் குட்டி ஜீப் ஒன்றைச் செய்தார். செலவு சுமார் 60 ஆயிரம் ரூபாய். நாடே பார்த்து வியந்தது. மகிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திராவும் பாராட்டினார். கூடவே, விதிகளை மீறியது என்பதால் அதிகாரிகள் எப்படியும் இதைச் சாலையில் நிறுத்தத்தான் போகிறார்கள் என்று சொல்லி, அதற்கு ஈடாகப் புதிய பொலேரோ தருவதாக அறிவித்தார். அடுத்த மாதம் தந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நம் கீழடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தானே செய்த மின்சார ஜீப்பும் அதே தொழிலதிபரின் கவனத்துக்குப் போய்ப் பாராட்டுப் பெற்றது. பாராட்டு உண்மை, திறமை உண்மை. ஆனால் நம் எல்லாருக்கும் பொலேரோ வராது.

2022 ஏப்ரலில் பஞ்சாப் காவல் துறை மோட்டார் சைக்கிள் ரேடிகளைத் தடை செய்து உத்தரவிட்டது. பிழைப்பு போகிறதே என்று எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களிலேயே அரசு உத்தரவை நிறுத்தி வைத்தது. இதைப் பார்த்து, “அரசாங்கமே விட்டுவிடும்” என்று நினைக்கலாம். போலீஸ் விடலாம், நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் விடாது.

கடையே போகும் கணக்கு

அபராதம் ஐயாயிரம், பத்தாயிரம் என்பதை நம்மில் சிலர் தொழில் செலவாக எழுதிவிடக்கூடும். உண்மையான ஆபத்து அங்கே இல்லை.

பதிவு இல்லாத வண்டிக்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் பாலிசி தராது. புல்லட்டின் பழைய பாலிசியைக் காட்டினாலும், “நாங்கள் இன்சூர் செய்தது இரு சக்கர வண்டியை” என்று கம்பெனி எதிர்வாதம் செய்யும். அப்படியானால் விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் இழப்பீடு யார் தலையில்? வண்டியின் உரிமையாளர் தலையில். ஓட்டியது கடைப் பையன்தான், நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன் என்பது செல்லாது. வேலையாள் வேலை நேரத்தில் செய்ததற்கு முதலாளி பொறுப்பு.

எவ்வளவு வரும்? சரளா வர்மா வழக்கு (2009), பிரணய் சேத்தி வழக்கு (2017) ஆகியவற்றில் உச்ச நீதிமன்றம் கணக்கு முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. நாமே போட்டுப் பார்க்கலாம். இறந்தவர் 30 வயது, மாதம் ரூ.15,000 சம்பாதித்தவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ.1,80,000. நாற்பது வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: ரூ.2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழித்தால் ரூ.1,68,000. 30 வயதுக்குரிய பெருக்கல் எண் 17. ஆக ரூ.28,56,000. ஈமச் செலவு, துணையை இழந்ததற்கு என்று இன்னும் சில தொகைகள். அதற்கு மேல் வழக்குத் தொடுத்த நாளிலிருந்து வட்டி.

முறையான மூன்றாம் நபர் பாலிசி இருந்தால் இந்தத் தொகையைக் கம்பெனி கட்டும். அது இல்லாவிட்டால் கட்டாதவரின் சொத்து ஜப்திக்கு வரும். வாடகை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த காரியம், இருபது ஆண்டு சேர்த்த கடையையும் வீட்டையும் ஏலத்துக்கு இழுத்துவிடும். இறந்தவர் குடும்பத்தின் நிலை அதைவிடக் கொடுமை. கம்பெனி இல்லாததால் பணம் வசூலாவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

வேறு வழிகள்

அந்த 300, 400 கிலோ பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

2014-ல் மத்திய அரசு ‘இ-கார்ட்’ என்ற மின்கல வண்டிக்குத் தனி விதி வகுத்தது. மூன்று சக்கரம், சுமை 310 கிலோ வரை, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள். நகருக்குள் சந்து வேலைக்கென்றே அளவெடுத்தது போலிருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் வாடகை, சரக்கு வாகனங்களுக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை. ஆனால் பதிவும் இன்சூரன்ஸும் கட்டாயம். ஓட்டுபவருக்கு அந்த வகைக்குரிய உரிமம் வேண்டும். சோதனையில் தேறிய மாதிரிதானா என்று விற்பவரிடம் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும். பட்டறையில் ஒட்டிய மின்சார வண்டிகளும் சந்தையில் உலவுகின்றன. அவற்றுக்கும் மேலே சொன்ன கதிதான்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டியிலிருந்து வந்து சரக்கெடுப்பவர்களுக்கு 25 கி.மீ. வேகம் ஒத்து வராது. அவர்களுக்குத் தொழிற்சாலையில் செய்த மூன்று சக்கர சரக்கு ஆட்டோவே பொருத்தம். வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் வேண்டாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியவில்லை. ஓட்டுநர் விஷயத்திலும் நல்ல செய்தி உண்டு. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

தனியாக வாங்க முடியாதவர்கள் ஒரே தெருவைச் சேர்ந்த நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாம். இதில் சண்டை வரும் என்பது தெரிந்ததே. எனவே வண்டி ஒருவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் நடைக்கு இவ்வளவு என்று அவருக்கு வாடகை கொடுத்துவிடட்டும். பொங்கல், தீபாவளி வாரங்களில் யாருக்கு எந்த நேரம் என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பழைய சரக்கு ஆட்டோ வாங்குபவர்கள் எஃப்.சி. தேதியைப் பார்த்து வாங்கவும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஏழாம் ஆண்டில் மலிவாக விலைக்கு வருகிற வண்டிகளுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

பட்டறைத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ராஜ்கோட்டின் சகடாவும் பட்டறை வண்டியாகத்தான் பிறந்தது. பிறகு அதே ஊரில் ஒரு மாதிரியைச் செய்து, சோதனைக்கு அனுப்பி, தேற வைத்துத் தொழிற்சாலை ஆக்கினார்கள். டி.வி.எஸ். போன்ற நிறுவனம் பிறந்த மதுரையில் இது நடக்கக் கூடாதா என்ன? முதலீடு பெரிது என்பது உண்மைதான். ஆனால் ஒற்றை ஒற்றையாக நூறு வண்டிக்கு ஆபத்தை விற்பதைவிட, பத்துப் பட்டறை சேர்ந்து ஒரு மாதிரிக்குச் சான்றிதழ் வாங்குவது பற்றித் தொழில் கூட்டமைப்புகள் பேசிப் பார்க்கலாம்.

திண்ணையோரத்துப் புல்லட்டை என்ன செய்வது? பழைய புல்லட்டுகளுக்கு இன்று நல்ல கிராக்கி. முழு வண்டியாக, அசல் எஞ்சினோடு, ஆர்.சி. புத்தகத்தோடு இருந்தால்தான் விலை. எஞ்சினைக் கழற்றிவிட்டால் பழைய இரும்பு விலைதான். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். விற்கும்போது பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறிவிட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பெயர் மாறாதவரை பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் அந்த எஞ்சினைக் கழற்றி ஏதாவது வண்டியில் பூட்டினால், ஓலை உங்கள் கடை முகவரிக்குத்தான் வரும்.